ஆற்றங்கரையில் ஆள் நடமாட்டம்

"அந்த ஆளுக்கு எத்தனை குடும்பம்தான் இருக்கு?"

பியூட்டி பார்லர் கண்ணாடி வழியாக எதிரே பார்த்தபடி கேட்டாள் அக்கா. பார்லருக்குச் சொந்தக்காரி. தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும்.

எதிரே ஆற்றை ஒட்டிப் புது அடுக்குமாடி. மூன்றாவது மாடி பால்கனியில் வழுக்கைத் தலை ஆசாமி ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து ரெண்டாவது மாடியில நைட்டி. இன்னிக்கு மூணாவது மாடியில கைக்குழந்தை சட்டை. வீட்டுக்கு வீடு பெண்டாட்டி, பிள்ளையா?"

நடு சேரில் முகம் முழுக்க வெள்ளைப் பூச்சோடு சாய்ந்திருந்த நாத்தனார் உதட்டை அசைக்காமல் பேசினாள். "சிரிக்க வைக்காதீங்க அண்ணி. ஃபேஸ் பேக் வெடிச்சிடும்."

பக்கத்துச் சேர்கள் இரண்டிலும் அதே வெள்ளை முகங்கள். கண்மேல் வெள்ளரித் துண்டுகள். ஒன்று லேசாகக் குறட்டை விட்டது.

ஜனங்கள் புறநகர்ப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனதிலிருந்து டவுன் கடைவீதி ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. "நாமளும் பைபாஸ் பக்கம் போயிடலாம்" என்று அக்காவின் வீட்டுக்காரர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். கடையைக் காலி செய்வதா, வைத்துக்கொள்வதா என்று இந்த மாசக் கடைசிக்குள் கட்டிடக்காரரிடம் சொல்லியாக வேண்டும். பார்த்துப் பார்த்து நடத்திய கடையை விட அக்காவுக்கு மனசே வரவில்லை.

ஆற்றோர வீடுகளில் விளக்கு எரிய ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. "ஆள் குடி வந்தாச்சுங்க. இனிமே தெரு பிழைச்சுக்கும்" என்று சொல்லி வீட்டுக்காரரின் வாயை அடைத்திருந்தாள்.

வீடு பார்க்க வந்த கணவன் மனைவி யாரோ கடையைத் தாண்டிப் போனார்கள். அக்கா சட்டென்று பிரஷ்ஷை எடுத்து நாத்தனார் கன்னத்தில் இன்னொரு பூச்சு பூசினாள். அவர்கள் போனதும் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"இனிமே என்னால முடியாது. போய்ப் பாத்துட்டே வந்துடறேன்."

"என்னன்னு சொல்லிட்டுப் போவீங்க?"

"பார்லர் நோட்டீஸ் குடுக்க வந்தேன்னு சொல்றேன். அதுல என்ன தப்பு?"

ஒரு கட்டு நோட்டீஸை எடுத்துக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்புகளைத் தாண்டி ரோட்டைக் கடந்தாள்.

மூன்றாவது மாடியில் கதவு திறந்தே இருந்தது. எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சோபா இல்லை, கட்டில் இல்லை, ஒரு தட்டுமுட்டுச் சாமான்கூட இல்லை. வெறும் தரையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பால்கனியில் வழுக்கை ஆசாமி, கையில் ஈரத்துணி வாளியோடு.

"இங்க யாருங்க குடியிருக்காங்க?"

அவர் திருதிருவென்று விழித்தார். "யாரும் இல்லீங்க. விக்காத வீடு. ஆள் இருக்கற மாதிரி தெரியணும்னு கம்பெனியில சொல்லியிருக்காங்க. நான் இங்க மேற்பார்வை."

"அப்ப இந்தத் துணியெல்லாம்?"

"எல்லாம் பழைய துணிங்க. தினமும் நனைச்சுப் போடணும். காஞ்ச துணியே தொங்கிட்டிருந்தா கண்டுபிடிச்சிடுவாங்களாம். சாயங்காலம் வீடு மாத்தி மாத்தி லைட் போடணும்."

"குழந்தைச் சட்டை?"

"அதைப் பாத்தாத்தான் வாங்க வர்றவங்களுக்கு நம்பிக்கை வருதாம்."

அக்காவுக்கு ஏறியதே கோபம்! "இந்த விளக்கைப் பாத்துட்டுத்தானேய்யா கடையை விடமாட்டேன்னு வீட்டுல மல்லுக்கட்டிட்டு இருக்கேன்! இப்படியா ஊரை ஏமாத்துவீங்க? மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமா?"

வழுக்கை ஆசாமி வாளியைக் கீழே வைத்தார்.

"நீங்க திட்டறது நியாயம்தாங்க. பிடிச்சா செய்யறேன்? ஆனா ஒரே ஒரு வீட்டுக்கு நிஜமாவே ஆள் வந்தாச்சு. மேல் மாடி. இன்னிக்குக் காலையிலதான் சாமான் இறக்கினாங்க."

"அவங்களும் இந்தத் துணியைப் பாத்து ஏமாந்தாங்களா?"

"இல்லீங்க. அந்தம்மா கெட்டிக்காரங்க. லைட், துணி எதையும் நம்பலை. திரும்பிப் போகவே கிளம்பிட்டாங்க. கடைசியா பால்கனியிலேருந்து கீழ பாத்தாங்க, உங்க பார்லர் கண்ணுல பட்டுது. 'வர்றப்பல்லாம் பாக்கறேன், ஒரு சேர்கூட காலியா இல்லை. இவ்வளவு பொம்பளைங்க வந்து போற தெருன்னா தைரியமா குடி வரலாம்'னு சொல்லிட்டு அங்கயே முடிவு பண்ணிட்டாங்க."

அக்கா நோட்டீஸ் கட்டைக் கை மாற்றிப் பிடித்தாள்.

அவர் பால்கனிக் கம்பிமேல் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"இங்கேருந்து பாத்தா முகம் தெரியறதில்லை. தெரிஞ்சாலும் எல்லா முகத்துலயும் வெள்ளையா பூசியிருக்கு. ஆனா வாசல்ல கிடக்கற செருப்பு நல்லா தெரியுது. தினமும் அதே மூணு ஜோடி." கொஞ்சம் நிறுத்தினார். "நான் அந்தம்மாகிட்ட மூச்சு விடலைங்க."

அக்காவின் முகம் காய்ந்த பேக் மாதிரி இறுகிவிட்டது. வாளியிலிருந்து நழுவித் தரையில் கிடந்த குட்டிச் சட்டையை எடுத்து, உதறி, அவளே கொடியில் போட்டாள். பிறகு விறுவிறுவென்று படியிறங்கினாள்.

பார்லர் வாசலில் வழக்கமான மூன்று ஜோடிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஜோடி செருப்பு.

பாதி கழுவிய முகத்தோடு நாத்தனார் ஓடிவந்து காதில் கிசுகிசுத்தாள்.

"எங்க போயிட்டீங்க அண்ணி? குறட்டை விட்டுட்டிருந்த சித்தியை எழுப்பிப் பின்பக்கமா அனுப்பிட்டேன். நிஜமாவே ஒரு கஸ்டமர் வந்திருக்காங்க!"