தொப்பியில் மாட்டிய தூண்டில்

"இன்னைக்கு என்ன பிடிச்சாரு?" பால் டீயை இறக்கிவைத்தபடி ஹோர்லோ கேட்டாள்.

"மரக்கிளை ரெண்டு. அப்புறம் அவரோட சொந்தத் தொப்பி," என்றான் அவள் கணவன் லுவ்சான்.

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரிலிருந்து வந்த எர்தேன், ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டிலைச் சாட்டை மாதிரி சுழற்றிக்கொண்டிருந்தார். நாலு நாளாக ஒரு மீன்கூட அவரைச் சீண்டவில்லை.

"ஆடு மேய்க்கக்கூட லாயக்கில்லாத ஆளு. ஒரு மீனையாவது கண்ணுல காட்டி அனுப்புங்க," என்றாள் ஹோர்லோ.

லுவ்சான் ஆற்றில் இறங்கிப்போய் அவர் கையிலிருந்து தூண்டிலை வாங்கினான். இரையாக மாட்டியிருந்த, ரோமத்தால் செய்த பொய் எலியை ஒரே வீச்சில் பாறை நிழலில் போட்டான். ஒரு மீட்டர் நீளத் தைமென் மீன் பாய்ந்து கவ்வியது. விதிப்படி அதைத் தண்ணீரைவிட்டுத் தூக்காமலே முள்ளைக் கழற்றிப் போகவிட்டான்.

எர்தேன் கரையேறினார். நனைந்த தொப்பியைப் பிழிந்து மாட்டிக்கொண்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதினார்.

"வீசும்போது உங்க மணிக்கட்டு மடங்குது, தம்பி. நாலு நாளா நான் செஞ்சு காட்டினதை நீங்க கவனிக்கவே இல்லை. மீன்பிடி வழிகாட்டி லைசென்ஸை அடுத்த வருஷம் பார்க்கலாம். இந்தப் பரீட்சையில நீங்க பெயில்."