காலுக்குக் கீழே

கோமதி இருந்த நகரத்திலிருந்து அப்பாவின் ஊருக்கு விமானத்தில் ஐம்பது நிமிடம்தான் என்றார்கள். மகளைப் பார்க்க விடிய விடியப் பஸ்ஸில் வந்து, அவள் வீட்டிலேயே கண்ணை மூடிய அப்பா, இப்போது பெட்டிக்குள், விமானத்தின் அடியில் படுத்திருந்தார். மேலே கோமதி செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களைச் சீட்டில் மடக்கியே உட்கார்ந்திருந்தாள்.

"இறங்கப் போறோம் மேடம், காலைக் கீழே வைங்க," என்றாள் பணிப்பெண்.

"கீழ எங்கப்பா இருக்காரும்மா."

கோமதி குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மெல்லக் கால்களை இறக்கினாள். ரொம்பத் தூரம், லீவு இல்லை என்று அவள் போகாமலே இருந்த ஊரின் உப்பளங்கள் ஜன்னலில் தெரிந்தன.

"இவ்வளவு கிட்டவாப்பா இருந்துச்சு," என்று தரையிடம் கேட்டாள்.