கடைசி மூலை

“கேமராவுக்குப் பொட்டு வெச்சிருக்காங்க சார்” என்றாள் கலியம்மாள், துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு.

அருண்பிரசாத் பார்த்தான். நேற்று மாலை தூங்குமூஞ்சி மரத்தில் மாட்டிய கேமரா. ஏணி வராததால் ஆள் உயரத்துக்கே மாட்டியது. அதன் கண்ணாடியின் நடுவில் மெரூன் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

மரத்தடியில் நேற்று போட்ட கோலத்தின் நடுவே ஒரு குப்பைப் பை. வாய் பிரிந்து பாதி வெளியே சிந்தியிருந்தது.

அவனுக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

சுரங்க நகரியத்தில் தெருத்தொட்டிகளை எடுத்துவிட்டு வீட்டுக்கு வீடு வண்டி அனுப்பத் தொடங்கிய பிறகும், ஜனங்கள் மூலைகளில் கொட்டுவதை நிறுத்தவில்லை. அந்த மூலைகளை ஒழிப்பதுதான் சுகாதார மேற்பார்வையாளனான அவன் வேலை. குப்பையை அள்ளி, செம்மண் கொட்டி, கோலம் போட்டு, போட்டோ எடுத்து அனுப்புவான். இந்த பிளாக்கில் மிச்சம் இந்த ஒரு மூலைதான். வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார். அதற்குள் இதையும் முடித்துவிட்டால், கான்ட்ராக்டில் இருக்கும் அவனைப் பெர்மனென்ட் ஆக்கப் பரிந்துரை எழுதுவதாகச் சொல்லியிருந்தார்.

எதிர் குவார்ட்டர்ஸ் கேட்டில் பிரபாவதி வந்து நின்றாள். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் இந்தக் குப்பையைப் போட்டோ எடுத்துப் போட்டுத் திட்டுபவள் அவள்தான்.

“நான் அப்பவே சொன்னேன்ல தம்பி? கோலம் போட்டா இவனுங்க திருந்துவானுங்களா? நடுவுல இடம் விட்டிருக்கீங்க, பொங்கப் பானை வைக்கன்னு நினைச்சுட்டான்.”

“யாருன்னு பாத்தீங்களா ஆன்ட்டி?”

“பாத்தா விடுவேனா? எங்க வீட்டுக்காரர் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பினதும் வாசல் தெளிக்க வர்றேன். அதுக்குள்ள வெச்சுட்டுப் போயிடறான்.”

“எந்தப் பாழாப்போனவனோ” என்றாள் கலியம்மாள். “தெனம் பெருக்கிக்கினே கெடக்கேன். வூட்டு வாசலுக்கு வண்டி வருது, அதுல போட்டா கை தேஞ்சிடுமா? அவன் கை வெளங்குமா?”

“நல்லாக் கேளு கலியம்மா. சூடு சொரணை இல்லாத ஜென்மங்க” என்றாள் பிரபாவதி.

“இதுக்கு மேல நான் என்னதான் செய்யறது? இங்கயே பாய் போட்டுப் படுத்துக்கட்டுமா?” என்றான் அருண்பிரசாத்.

“படுங்க தம்பி. காபி நான் தர்றேன்.”

மறுநாள் விடிவதற்கு முன்பே வந்து, பஸ் நிறுத்தத்தின் பின்னால் நின்றுகொண்டான். சுரங்கத்துக்குப் போகும் ஷிஃப்ட் பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. தெரு அடங்கியது.

எதிர் கேட் மெதுவாகத் திறந்தது.

பிரபாவதி வந்தாள். கையில் பை. இரண்டு பக்கமும் பார்த்தாள். கோலத்தின் நடுவில் பையை வைத்து, முடிச்சை அவிழ்த்து, காலால் ஒரு தள்ளு தள்ளினாள்.

“ஆன்ட்டி.”

அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு, “நீங்களா தம்பி. சொல்லிட்டு வரக்கூடாது?” என்றாள்.

“குரூப்ல தெருவையே திட்டறீங்க. கடைசியில நீங்களா? இந்த ஒரு மூலைக்கு நான் எவ்வளவு நாயா அலையறேன் தெரியுமா? உங்க போட்டோவைத்தான் எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டணும்.”

“ஒட்டுங்க. சத்தம் மட்டும் போடாதீங்க. கலியம்மா வர்ற நேரம்.”

அவன் எரிச்சலோடு பையைப் புரட்டினான். காய்ந்த சருகு, பழைய செய்தித்தாள், கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டுகள். நாற்றம் துளியும் இல்லை.

“கழுவினதைக் கொண்டு வந்து எதுக்கு இங்க கொட்டறீங்க?”

“கலியம்மா கையால அள்றா இல்ல?”

அவனுக்குப் புரியவில்லை.

“போன மாசம் ஸ்கூல் பக்கத்து மூலையைச் சுத்தம் பண்ணீங்களே, அங்க பெருக்கிட்டிருந்த சாமியம்மா எங்க?”

“வேற பிளாக்குக்கு மாத்தியிருப்பாங்க.”

“வீட்டுல உக்காந்திருக்கா. குப்பை இல்லாத எடத்துக்கு ஆள் எதுக்குன்னு கான்ட்ராக்டர் மறுநாளே நிறுத்திட்டார். நீங்க கோலத்தைப் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டீங்க. அப்புறம் திரும்பிப் பாத்தீங்களா?”

அவன் கையிலிருந்த பால் பாக்கெட்டைத் திரும்பப் பைக்குள் போட்டான்.

“இவளுக்கு இந்த மூலைதான் வேலை. இவ புருஷனுக்கு டயாலிசிஸ் இவளோட இ.எஸ்.ஐ. கார்டுலதான் நடக்குது. மூலை போனா வேலை போகும். வேலை போனா கார்டும் போகும்.”

“அவங்களுக்கு இது தெரியுமா?”

“தெரிஞ்சா முதல்ல என் காலை உடைப்பா. தினமும் அவ கிட்ட நான் வாங்கற சாபத்தை நீங்களே கேட்டீங்கல்ல?”

தள்ளுவண்டியின் சத்தம் கேட்டது. கலியம்மாள் வந்துவிட்டாள்.

“இன்னிக்குமா? ஆளு ஆப்ட்டானா சார்?”

அருண்பிரசாத் பிரபாவதியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் வர்றதுக்குள்ள போயிட்டான்” என்றான்.

வெள்ளிக்கிழமை அதிகாரி காரிலிருந்து இறங்கியதும் பைதான் முதலில் கண்ணில் பட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்னப்பா இது? இந்த ஒரு மூலையை உன்னால சரிபண்ண முடியலையா? இதை வெச்சுக்கிட்டு உனக்கு நான் என்னன்னு பரிந்துரை எழுதறது?”

கேட்டில் நின்ற பிரபாவதி, குப்பையைப் பற்றி அன்றைக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. கலியம்மாள் துடைப்பத்தோடு ஒதுங்கி நின்றாள்.

“ஒரு ஆளை வெச்சு முடியலை சார்” என்றான் அருண்பிரசாத். “இன்னொருத்தரையும் போடணும். ஸ்கூல் பக்கம் பெருக்கிட்டிருந்த சாமியம்மாள்னு ஒருத்தர் சும்மாதான் இருக்காங்க.”