ஃபோனை எடுத்தது யார்?

“உண்மையைச் சொல்லு பஞ்சாலை. ஃபோனை எடுத்தியா இல்லையா?”

தோட்டத்து ஆஸ்பத்திரி ஆயா பஞ்சாலை, மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். தோட்டத்துத் தலைமை குமாஸ்தாவான பெரிய கிராணி இராஜமாணிக்கம் ஆபீஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிப் பக்கம் வந்ததே அவளுக்கு அதிசயம். காய்ச்சல் என்றால்கூட மருந்தை ஆபீஸுக்கு வரவழைத்துக் குடிக்கிறவர் அவர்.

“நான் தொடவே இல்லீங்க ஐயா.”

“நீ தொடாமலா ஃபைல் பாதியில நிக்குது?”

விஷயம் இதுதான். கோலா பிலா பக்கத்துத் தோட்டங்களிலேயே முதல் கம்ப்யூட்டர் அந்த வருஷம் இராஜமாணிக்கத்தின் ஆபீஸுக்குத்தான் வந்தது. அவரும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவார். வருஷக் கணக்கு முழுவதையும் ஒரே ஃபைலாக, டெலிபோன் லைன் வழியே கோலாலம்பூர் தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் பாதி தூரம் போய் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டும். மறுபடியும் நிற்கும்.

முதல் நாள் மழை மேல் பழி போட்டார். அடுத்த நாள் கம்பியில் தொங்கும் குரங்குகள் மேல். நடுவில் யாராவது ஃபோனை எடுத்தால் ஃபைல் அறுந்துவிடும் என்று தலைமை ஆபீஸில் ஃபைலை வாங்கும் சீதாலெட்சுமி சொன்ன பிறகுதான் அவருக்குக் கண் திறந்தது. தோட்டத்துக்கு இருப்பது ஒரே லைன். அதில் இரண்டு ஃபோன். ஒன்று அவர் மேசையில், இன்னொன்று ஆஸ்பத்திரியில். திருடனைக் கண்டுபிடிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

“போர்டிக்சன்ல இருக்கிற மககிட்ட மணிக்கணக்கா பேசுறியாமே?”

“எப்பவாச்சும் ஒரு தடவைங்க. அதுவும் மருந்து குடுக்குற டிரெசர் ஐயாகிட்ட கேட்டுட்டுதான்…”

“போதும் லா.”

ஃபோனைப் பிடுங்கி, வயரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“ஐயா, அவசரம்னா ஆம்புலன்ஸ் கூப்பிடணுமே. நிறைமாசமா இருக்கிற முத்தாயிக்குப் பிரசவம் இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு.”

“ஆபீஸுக்கு வா, என்னைக் கேளு. நான் என்ன அரக்கனா?”

மறுநாள் காலையில் ஃபைலை அனுப்பத் தொடங்கிவிட்டு, அது போவதைக் காட்டும் கோடு திரையில் நகர்வதைச் சாமி தேர் வருவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு பாதியைத் தொட்டபோது பஞ்சாலை மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“ஐயா, முத்தாயிக்கு வலி எடுத்திருச்சு. புள்ள குறுக்க கிடக்குதாம். டிரெசர் ஐயா உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னாரு.”

“கண்ணு தெரியலையா உனக்கு? ஃபைல் போய்க்கிட்டிருக்கு.”

“முடிய எவ்வளவு நேரம் ஆகுங்க?”

“ஆகுறப்ப ஆகும். இது தலைமை ஆபீஸ் வேலை பஞ்சாலை. மனுஷனுக்குப் பொறுமை வேணும்.”

பஞ்சாலை ஃபோனைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு செம்பனைப் பழம் ஏற்றிக்கொண்டிருந்த சன்னாசியின் லோரியை நோக்கி ஓடினாள்.

கடமையில் கறாராக நின்ற திருப்தி இராஜமாணிக்கத்தின் முகத்தில் தெரிந்தது. அது கொஞ்ச நேரம்தான். பிறகு வழக்கம்போல் இருப்புக்கொள்ளவில்லை. கோலாலம்பூரில் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதோ என்னவோ? கேட்டுவிட்டால் நிம்மதி. ஃபோனை எடுத்தார். காதுக்குள் கீச்சென்று இரைச்சல். “லைனாம் லைன்” என்று முணுமுணுத்தபடி எப்போதும் செய்வதுபோல் ஃபோனை நாலு தட்டுத் தட்டினார். இரைச்சல் ஓய்ந்தது. நம்பரைச் சுழற்றினார்.

“சீதாலெட்சுமி, வந்துருச்சாம்மா?”

“இல்ல சார். இன்னிக்கும் நடுவுல அறுந்துருச்சு.”

திரும்பிப் பார்த்தார். கோடு அசையாமல் நின்றது. அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பஞ்சாலை எங்கேயோ இன்னொரு ஃபோனை ஒளித்து வைத்திருக்கிறாள். வரட்டும். கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை.

சாயந்தரம் பஞ்சாலை வந்தாள். சேலை முழுக்க ரத்தக் கறை. கண்கள் சிவந்திருந்தாலும் முகம் மலர்ந்திருந்தது.

“பொம்பளப் புள்ளைங்க ஐயா. நல்லவேளை, சன்னாசி லோரியப் பறக்க விட்டான். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும்னு பெரியாஸ்பத்திரியில சொல்லிட்டாங்க.” மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். “உங்க ஃபைல் நல்லபடியா போய்ச் சேந்துச்சுங்களா?”

அந்த அக்கறையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“நடிக்காத. எங்கேருந்து ஃபோன எடுத்த?”

“நான் லோரியில இருந்தேங்க. அதுல ஏது ஃபோனு?”

“அப்படியா? இரு, உன் முன்னாலயே கேக்கறேன்.”

கோலாலம்பூர் கிடைத்ததும், அவளுக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“சீதாலெட்சுமி, காலையில ஃபைல் வந்துக்கிட்டிருந்தப்ப இங்க ஒரு ஆளு ஃபோன எடுத்திருக்கு. சரிதானே?”

“ஆமா சார். கண்டிப்பா எடுத்திருக்காங்க.”

“கேட்டுக்கிட்டியா?” என்று பஞ்சாலையைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். “அது யாருன்னு உன்னால கண்டுபிடிக்க முடியுமாம்மா?”

“அதுல என்ன கஷ்டம் சார்? தினமும் ஃபைல் அறுந்த அடுத்த நிமிஷமே அந்த ஆளு எனக்கு ஃபோன் போட்டு, ‘வந்துருச்சாம்மா’ன்னு கேக்கிறாரே.”