பொதுமக்கள் வரலாம்

கறுப்புக் கோட்டும் கறுப்பு டையுமாக, ஏதோ அடக்கத்துக்குப் போய்விட்டு நேராக வந்தவர் போல, கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மற்ற நாற்காலிகள் எல்லாம் காலி.

மேடையில் இருந்த டோரீனுக்கு அந்த ஒருவர் வந்ததே அதிசயமாக இருந்தது. செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறும் பயணிகளைச் சோதனையிடும் அரசுக் கழகத்துக்கு டோரீன்தான் தலைவர். ஆண்டுக்கொரு முறை மக்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். மக்கள்தான் வருவதில்லை.

"போன வருஷம் டீயும் கேக்கும் அப்படியே திரும்பிப் போச்சு. இந்த வருஷம் ஒரு கப்பாவது குறையும்" என்று சிரித்த கழக மேலாளர் கீட்டிங், அந்த ஆளை உற்றுப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "மேடம், அந்த பிளாக்டன் அம்மாவோட மகனா இருக்கும். வாயைக் கொடுத்து மாட்டிக்காதீங்க. 'விசாரணையில இருக்கு'ன்னு மட்டும் சொல்லுங்க."

டோரீன் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தார்.

சக்கர நாற்காலியில் வந்த பிளாக்டன் அம்மாவைச் சோதனைக்காக எழுப்பி நிறுத்தினார்கள். விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது, பனிக்காலம் தொடங்குமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று வக்கீல்கள் டோரீனின் வாயைக் கட்டிப்போட்டிருந்தார்கள். கட்டாமல் விட்டிருந்தாலும் பேச ஆளில்லை. கணவர் போன பிறகு டோரீனின் வீட்டில் கேட்பது கெட்டில் கொதிக்கும் சத்தம் மட்டும்தான்.

அறிக்கையைக் காலி நாற்காலிகளுக்குப் படித்து முடித்தார். கறுப்புக் கோட்டுக்காரர் எழுந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. நாற்காலியில வர்றவங்களையும் எழுப்பித்தான் சோதிக்கணும்னு உத்தரவு போட்டது யாரு?"

கீட்டிங் முந்திக்கொண்டார். "அது விசாரணையில..."

"உங்களைக் கேக்கலை சார்." அவர் குரல் உடைந்தது. "அந்தம்மா என் தோளைப் பிடிச்சுத்தான் எழுந்தாங்க. 'என்னால முடியல மகனே'ன்னாங்க. அந்தப் பிடி இன்னும் தோள்லயே இருக்கு. தெருவுல என்னைப் பார்த்தா ஜனங்க அந்தப் பக்கமா ஒதுங்கிப் போறாங்க. யார்கிட்டப் போய்ச் சொல்றது? அதான் இங்க வந்தேன். வரலாம்னு போர்டுல எழுதியிருந்துச்சு."

டோரீன் எழுந்து மேடையை விட்டு இறங்கினார்.

"மேடம், வேண்டாம்!" என்று கீட்டிங் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழாதது போல நடந்து, கடைசி வரிசைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாங்கதான் போட்டோம். அது ஓட்டுக்கு வந்தப்போ முதல்ல கை தூக்கினவ நான். எழுந்து நிக்க முடியாதவங்க என்ன பண்ணுவாங்கன்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாச்சேன்னுதான் நினைச்சேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். டோரீன் தயங்கித் தயங்கி அவர் கையைப் பற்றினார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இன்னொரு மனிதக் கையின் சூடு. நெஞ்சில் கிடந்த பாறை கொஞ்சம் அசைந்தது போல இருந்தது.

இந்த மனிதருக்கு இன்னும் ஏதாவது செய்ய வேண்டும், குறைந்தபட்சம் ஓர் ஆறுதல் வார்த்தையாவது சொல்ல வேண்டும் என்று மனம் துடித்தது.

"ஒண்ணு மட்டும் உடனே செஞ்சோம்" என்றார் மெதுவாக. "அவங்களை எழுப்பி நிறுத்தின ஊழியரை மறுநாளே வேலையை விட்டு அனுப்பிட்டோம். கூப்பிட்டு ஒரு வார்த்தைகூட விசாரிக்கல. அதுவாவது உங்க மனசுக்கு ஆறுதலா இருக்கட்டும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டோரீனை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ஊழியர் நான்தாம்மா."