ராசிபுரத்தில் கொடுத்த தந்தி

"ஏப்பா டிரைவரு, அந்த முன் சீட்டைத் தொடைச்சு உடு. உக்காரப் போறது ஏரோப்ளேன் ஓட்டற ஆபீசரு. உன்ற கரியெல்லாம் அவரு சட்டையில அப்பிக்கப் போவுது!"

நாமக்கல்லில் பஸ் ஏறும்போதே சின்னண்ணன் இதைக் கடைசி சீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார். டிரைவர் முகம், கழுத்து, காக்கிச் சட்டை எல்லாம் ஒரே கரி. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து, பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டி அதன் வாயுவில்தான் வண்டி ஓட்டினார்கள். அவன் துண்டால் சீட்டைத் துடைத்தான்.

வேலுமணிக்குக் கூச்சமாக இருந்தது. உட்கார்ந்துகொண்டான். கூச்சம் வேறு, முன் சீட்டு வேறு.

டிரைவர் உடனே கிளப்பவில்லை. இடப்பக்கம் தொடங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றினான். ஒவ்வொரு சக்கரத்தையும் காலால் தட்டினான். குனிந்து அடியில் பார்த்தான்.

"கோயிலையா சுத்தறே? ஏறுப்பா, நேரமாவுது!" என்றார் சின்னண்ணன். பஸ்ஸே சிரித்தது.

வேலுமணியின் பையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று விமானப் படை அனுப்பியது: சண்டை முடிந்துவிட்டது, நிரந்தரமாக இருக்கிறாயா, விலகுகிறாயா? விலகினால் திரும்ப இடமில்லை. மற்றது, சென்னையில் புதிதாக முளைத்த ஒரு விமானக் கம்பெனியுடையது: இன்று மாலைக்குள் சம்மதம் என்று தந்தி வந்தால் வேலை உனக்கு. பட்டாளம் ஏலம் போட்ட விமானத்தில் இரண்டை வாங்க முடிந்தவனெல்லாம் கம்பெனி வைத்த காலம் அது.

பர்மா வானத்தில் ஒரு நொடியில் முடிவெடுத்தவன், சொந்த ஊர் மோகனூரில் மூன்று வாரம் உட்கார்ந்தும் இதற்கு முடிவெடுக்கவில்லை. எதிரி இல்லாத பட்டாளத்தில் பூட்ஸ் பளபளப்பைத்தான் பார்க்கச் சொல்வார்கள் என்று ஒரு நாள் தோன்றும். என்ன இருந்தாலும் ஆபீசர் ஆபீசர்தான் என்று மறுநாள் தோன்றும்.

தாய்மாமனான சின்னண்ணனுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது.

"இன்னும் என்ன ரோசனை மாப்ளே? குண்டுக்குத் தப்பிச்சது போதும். கம்பெனின்னாத்தான் சௌந்திரத்தைக் குடுப்பேன். பட்டாளத்துக்குக் குடுத்துப்போட்டு, தந்திக்காரன் வந்தா எம்புள்ள நடுங்கிட்டு நிக்கோணுமா?"

"ஆளுகளை ஏத்திட்டுப் போயி எறக்கி உடற வேலைங்க மாமா. அதுக்கும் இந்த பஸ்ஸுக்கும் ரெக்கைதானுங்க வித்தியாசம்."

"அட போங்க மாப்ளே! இந்தக் கரிமூஞ்சியும் நீங்களும் ஒண்ணா?"

டிரைவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வழியில் ஒரு மேட்டில் பஸ் மூச்சுத் திணறி நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். வேலுமணியும் கை வைக்கப் போனான். "ஏரோப்ளேன்காரரு பஸ்ஸைத் தள்றதா? ஊரு என்ன பேசும்!" என்று சின்னண்ணன் அவனை இழுத்துக்கொண்டார். பர்மாவை மீட்ட வீரன், தள்ளுகிற கிழவிகளுக்குப் பின்னால் கையை வீசிக்கொண்டு மேடு ஏறினான்.

ராசிபுரத்தில் அடுப்புக்குக் கரி கொட்ட பஸ் அரை மணி நேரம் நிற்கும். தபாலாபீஸ் எதிரிலேயே இருந்தது. வேலுமணி இறங்கும்போது, அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்தான்.

"எந்தக் கம்பெனிங்க சார்?"

வேலுமணி பெயரைச் சொன்னான்.

டிரைவர் கம்பியைக் கீழே வைத்தான். "பட்டாளத்துலயே இருந்துக்குங்க சார். அதுதானுங்க நல்லது."

சின்னண்ணனுக்கு வந்ததே கோபம்! "ஏரோப்ளேனைக் கிட்டப் போயிப் பாத்திருக்கறயா நீ? கரியள்ளற கைக்கு ரோசனை வேறயா? வந்துட்டான், ஆபீசருக்குப் புத்தி சொல்ல!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேலுமணியும் சிரித்துவிட்டான். ஒரு பஸ் டிரைவர் இரு என்று சொல்லி, ஒரு விமானப் படை ஆபீசர் இருந்தான் என்றால் வெளியில் தலைகாட்ட முடியுமா? மூன்று வாரத்துக் குழப்பம் அந்த இடத்தில் தீர்ந்தது.

விறுவிறுவென்று உள்ளே போனான். சம்மதம் என்று கம்பெனிக்குத் தந்தி கொடுத்தான். விலகுகிறேன் என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, உறையில் போட்டு ஒட்டித் தபால் பெட்டிக்குள் தள்ளினான். அது அடியில் விழுந்த சத்தம்கூடக் கேட்டது.

சின்னண்ணன் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி பஸ் முழுக்கக் கொடுத்தார். "எம்மருமகன் கம்பெனி பைலட்டு! எடுத்துக்குங்க!" மனசு நிறைந்திருந்ததால் டிரைவருக்கும் ஒன்று கொடுத்தார்.

டிரைவர் பழத்தை வாங்கிக்கொண்டு முன்னால் வந்து ஏறினான்.

"ரெண்டும் போட்டாச்சுங்களா சார்?"

"போட்டாச்சு," என்றான் வேலுமணி, கொஞ்சம் மிடுக்காகவே.

டிரைவர் கியரைத் தள்ளினான். பஸ் ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது.

"சேர்ந்ததும் பைலட்டுங்க ரூம்புல பாருங்க சார், அவசரத்துல என்னோட தொப்பியை அங்கயே உட்டுட்டு வந்துட்டேன்."