லிஃப்ட் ரிப்பேர்

"இன்னும் எத்தனை நாள்தான் இந்த லிஃப்ட்டைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பே?" நாலு மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு மெக்கானிக் மேல் பாய்ந்தாள் அவள்.

"பார்ட்ஸ் வரணும்க்கா."

"பாவம், விடும்மா. அவன் என்ன பண்ணுவான்?" என்றார் கணவர், கைப்பிடிச் சுவரில் தொப்பையை இறக்கி வைத்தபடி. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

கதவு சாத்தியதும் அவள் குரல் குழைந்தது.

"திட்டினதை மனசுல வச்சுக்காதே தம்பி. ஜிம்முக்குப் போனா முட்டி வலி, நடக்கப் போனா தூக்கம்னு எல்லாத்தையும் பாதியில விட்ட மனுஷன். இப்பத்தான் பேன்ட் லூசாகுது. லிஃப்ட் ஓடுச்சோ, மறுபடி சோபாதான். நான் சொன்ன மாதிரி இன்னும் ஒரு மாசம் இழு."

மெக்கானிக் தலையைச் சொறிந்தான்.

"சார் ரெண்டு மாசம் இழுக்கச் சொல்லியிருக்காரேக்கா."

"அவரா? எதுக்கு?"

"'உடம்பைக் குறைன்னு நேரா சொன்னா அவ என்னைக் கொன்னுடுவா, நீதான் பார்த்துக்கணும்'னார்."

அவள் பல்லைக் கடித்தாள்.

"என்னங்க! தீப்பெட்டி வாங்க மறந்துட்டேன். கீழ போய் வாங்கிட்டு வாங்க!"

உள்ளிருந்து பதில் அன்பொழுக வந்தது.

"நீயும் வாயேம்மா, சேர்ந்தே போயிட்டு வரலாம்!"